குளிருக்கு சிஸ்டம் மெதுவாகுமா? ஆன் பண்ணி கால் மணி நேரம் காத்திருப்பது பற்றி

2024 டிசம்பர் 9, மாலை. கேள்வி

கோத்தகிரிப் பக்கம் பச்சை இலை வாங்குகிற இடம் எங்களுடையது. இலைக் கணக்கு போடப் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. காலையில் ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மத்தியானம் ரீஸ்டார்ட் பண்ணினால் அவ்வளவு நேரம் ஆவதில்லை. "மலைக்குளிர் அண்ணா, ஃபார்மட் அடிச்சு ராம் ஏத்திட்டா சரியாயிடும்" என்கிறார் சர்வீஸ் தம்பி. உண்மையா?

2024 டிசம்பர் 9, இரவு

ஃபார்மட் இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. ராமும் வேண்டாம். எங்கே நேரம் போகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்குதான்.

நாளைக் காலை போனில் ஸ்டாப்வாட்ச் ஓட விட்டு மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் படம் வரும் வரை ஒன்று. படம் வந்ததிலிருந்து டெஸ்க்டாப் தெரியும் வரை இன்னொன்று. டெஸ்க்டாப் வந்த பிறகு கணக்கு புரோகிராம் நிஜமாகவே திறந்து ஒரு வரி டைப் அடிக்க விடும் வரை மூன்றாவது. முதல் பகுதியில் விண்டோஸுக்கு வேலையே இல்லை, அங்கே ஃபார்மட் அடித்து ஒரு வினாடிகூட மிச்சமாகாது. நடுப்பகுதி பெரும்பாலும் டிஸ்க்கின் வேகம். கடைசிப் பகுதி நாமே வருடக்கணக்கில் ஏற்றி வைத்த மூட்டை.

குன்னூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்திலிருந்து நான் இப்படித்தான் பார்க்கிறேன். அப்போது காலையில் முதல் கஸ்டமர் வந்து நிற்பார், ஒரு மெஷினும் எழுந்திருக்காது.

2024 டிசம்பர் 10, காலை

அண்ணன் அனுப்பிய கணக்கு: படம் வரும் வரை ஒன்றரை நிமிடம், டெஸ்க்டாப் வரை நாலு, அதன் பிறகு ஒன்பது. மூன்று பகுதியிலும் கோளாறு இருக்கிறது. ஒன்றரை நிமிடம் என்பது சாதாரணமில்லை. பழைய போர்டாக இருந்தாலும் பத்து, இருபது வினாடிக்குள் படம் வந்துவிட வேண்டும்.

2024 டிசம்பர் 10, மதியம்

அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றி முதலில். விண்டோஸுக்கு முன்னால் போர்டிலிருந்தே ஓடுகிற பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஃபிளாப்பி டிரைவ் இருப்பதாக இன்னும் எழுதியிருக்கலாம், இல்லாத டிரைவை அது தினமும் தேடும். நெட்வொர்க் வழியாக பூட் பண்ணும் வசதி ஆன் ஆகி, வரிசையில் முதலில் இருந்தால் அதற்கும் நேரம் போகும். டிவிடி டிரைவுக்குள் பழைய மதர்போர்டு சிடி கிடந்தால் எடுத்துவிடுங்கள். பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்கட்டும்.

தேதி சரியாக இருக்கிறதா? பின்னோக்கிப் போய்க் கிடந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதி வெப்சைட் "பாதுகாப்பற்றது" என்று கதவைச் சாத்தும், நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நாம் மோடத்தைத் திட்டுவோம்.

2024 டிசம்பர் 10, இரவு

குளிர் விஷயம். இதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

கிளம்ப மறுப்பது வேறு, மெதுவாகக் கிளம்புவது வேறு. குளிர் முதலாவதைச் செய்யும். எஸ்எம்பிஎஸ்ஸிலும் (உள்ளே மின்சாரம் கொடுக்கிற பெட்டி) போர்டிலும் இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் திரவம் இருக்கிறது. குளிரில் அதன் உள் மின்தடை கூடும், கொள்ளளவு குறையும். புதியதாக இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே காய்ந்துபோன பழைய கெபாசிட்டர் என்றால் காலை ஆறு மணிக்கு ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு ஒரே அழுத்தில் எழுந்திருக்கும். மூடியைத் திறந்து போர்டைப் பாருங்கள். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கின் பேரிங் எண்ணெயும் குளிரில் கொஞ்சம் கெட்டியாகும். சுழன்று முழு வேகம் பிடிக்க ஓரிரு வினாடி கூடலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. டிஸ்க்குகளை 0 அல்லது 5 டிகிரியிலிருந்து வேலை செய்யும்படிதான் செய்கிறார்கள். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் உறைபனியில் புல்வெளி வெள்ளையாகிற அன்றைக்கும் கதவடைத்த அறைக்குள் அவ்வளவு இறங்குவதில்லை.

ஆக, அண்ணனுடைய மெஷின் ஒரே அழுத்தில் ஆன் ஆகிறது என்றால், டெஸ்க்டாப் வந்த பிறகு போகிற ஒன்பது நிமிடத்துக்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. ஹேர் டிரையர் வைத்துச் சூடுபடுத்துகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். சாமி, வேண்டாம். கரி அடுப்பை சிஸ்டம் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். மூடிய அறையில் அது மெஷினுக்கு மட்டுமில்லை, ஆளுக்கே ஆபத்து.

2024 டிசம்பர் 11

"அப்படியானால் மத்தியானம் மட்டும் ஏன் வேகமாக இருக்கிறது?" நல்ல கேள்வி, சர்வீஸ் தம்பி அங்கேதான் வழுக்கியிருக்கிறார்.

விண்டோஸ் தன் வீட்டு வேலைகளை ராத்திரிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. விண்டோஸ் 7-இல் டிஸ்க் டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒழுங்காக அடுக்குவது) புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு என்று குறித்தே வருகிறது. ஆன்டிவைரஸ் ஸ்கேனுக்கும் பலர் ராத்திரி நேரம்தான் வைத்திருப்பார்கள். உங்கள் கடை சாயங்காலமே பூட்டியாயிற்று, சிஸ்டம் ஆஃப். விட்டுப்போன வேலையெல்லாம் அடுத்து ஆன் ஆனதும் வாசலில் வந்து நிற்கும். போதாததற்கு ஆன்டிவைரஸ் நேற்றைய அப்டேட்டை இழுக்கும், பிரவுசரும் தன் பங்குக்குப் புதுப்பித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே டிஸ்க்கில். மத்தியானம் ரீஸ்டார்ட் பண்ணும்போது அந்த வேலைகள் முடிந்திருக்கும்.

இதில் ஒரு கூத்து. யாரும் மவுஸைத் தொடாமல் சும்மா இருக்கிற நேரம் பார்த்துத்தான் டிஃப்ராக் ஆரம்பிக்கும். நீங்கள் டீ குடிக்கப் போகிறீர்கள் இல்லையா, அதுதான் அதற்கு நல்ல நேரம்.

2024 டிசம்பர் 11, இரவு

ஊட்டியிலிருந்து ஒருவர்: ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் (தட்டைப் படிக்கிற முனை) காற்றில் மிதக்கிறது, உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், அதனால் மலையில் டிஸ்க் சீக்கிரம் போகும் என்கிறார்.

முதல் பாதி சரிதான். ஹெட் தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் ஓடுகிறது. ஆனால் சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை சுமார் 3,000 மீட்டர், அதாவது 10,000 அடி. ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அங்கே இருக்கிற டெலஸ்கோப் ஹவுஸில் கம்ப்யூட்டர் வைத்தாலும் ஓடும். உயரத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்.

ஈரம் வேறு கதை. மூடிய கடையில் மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடக்கிற மெஷின்தான் அதிகம் கெடுகிறது, தினமும் ஓடுவது தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். ராமின் தங்கப் பற்களில் மங்கலாக ஒரு படலம் படியும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினால் "டிஸ்ப்ளே வரலை, பீப் அடிக்குது" கேஸ்கள் நிறைய தீர்ந்துவிடும். இது வேகத்துக்கான வைத்தியம் இல்லை, சும்மா ஞாபகம் வந்தது.

2024 டிசம்பர் 12

டிஸ்க் ஏன் வில்லன் என்பதற்குச் சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி வினாடி. தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 9 மில்லி வினாடி என்று வையுங்கள். ஆக ஒரு துண்டு எடுக்க 13. சிதறிக் கிடக்கும் 20,000 சின்னத் துண்டுகளைப் படிக்க வேண்டியிருந்தால் 260 வினாடி, நாலு நிமிடத்துக்கு மேல். அண்ணன் நடுப்பகுதிக்குச் சொன்ன அதே நாலு நிமிடம்! கணக்கு இவ்வளவு சரியாக வந்தது தற்செயல்தான், ஆனாலும் விஷயம் இதுதான். சிப்பிலேயே சேமிக்கிற எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. அதே துண்டு ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், அதற்குள்ளேயும்கூட, வந்துவிடும்.

"பழைய போர்டில் சாட்டா 2 தானே, எஸ்எஸ்டி போட்டு என்ன பயன்?" என்று எப்போதும் ஒருவர் கேட்பார். போர்டையும் டிஸ்க்கையும் இணைக்கிற சாட்டா 2 வினாடிக்கு 300 எம்பி வரை தாங்கும். பூட் ஆவதற்கு அந்த வேகம் பெரிதாகத் தேவையே இல்லை, காத்திருக்கும் நேரம் போனதே போதும்.

2024 டிசம்பர் 13

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்க்கச் சொன்னேன், படம் அனுப்பியிருக்கிறார். மஞ்சள், அதாவது எச்சரிக்கை. சி5 என்ற வரியில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லை. கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டர்களைக் காட்டும் 05-ம் ஏறியிருக்கிறது. டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத் தோற்கிறது. ஒன்றரை நிமிடம் படமே வராததில் இதற்கும் பங்கு இருக்கும், பயாஸ் கூப்பிட்டால் இது பதில் சொல்லத் தாமதிக்கிறது.

இனி வேகத்தைப் பற்றிப் பேச்சில்லை. அண்ணே, முதலில் இலைக் கணக்கு ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி பண்ணுங்கள். இன்றைக்கே. செக் டிஸ்க் ஓட விடாதீர்கள், டிஃப்ராக்கை நிறுத்தி வையுங்கள், ஃபார்மட் பேச்சையே எடுக்காதீர்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் இதெல்லாம் கடைசி உதை மாதிரி. காப்பி எடுத்த பிறகு, அந்த ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து கணக்கு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

எல்லோருக்குமாக ஒன்று: சி7 என்ற வரி (வயர் வழியாகத் தகவல் போகும்போது வரும் பிழை) மட்டும் ஏறியிருந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால் டிஸ்க் பாவம், சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள்.

2024 டிசம்பர் 14

யூடியூப் வைத்தியங்களைப் பற்றி ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புப் பக்கத்தில் பிராசஸர் எண்ணிக்கையை 2 என்று போட்டால் பூட் வேகமாகும் என்பது பொய். விண்டோஸ் இருக்கிற எல்லாக் கோரையும் தானே எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி, சோதனைக்காகக் குறைத்துக் காட்ட வைத்தது. ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி பண்ணுவது இன்னும் மோசம், பூட்டில் எந்த ஃபைல் எந்த வரிசையில் வேண்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு அது. அழித்தால் அடுத்த பூட் மெதுவாகத்தான் வரும். டெம்ப் ஃபைலை அழித்தால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. சி டிரைவ் கழுத்துவரை நிரம்பியிருந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். "பிசி பூஸ்டர்" வகையறா தானே ஸ்டார்ட்டப்பில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை விரட்டுகிறது.

டிஸ்க்கோடு பேசும் முறையை, பயாஸில், ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ ஆக மாற்றச் சொல்லி நேற்று ஒருவர் யோசனை சொன்னார். விண்டோஸ் போட்ட பிறகு சும்மா மாற்றினால் 0x0000007பி என்று நீலத்திரை வரும். டிரைவரைத் தயார் செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அண்ணனுடையது ஜி31 சிப்செட் போர்டு. அதில் அந்த வசதியே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

2024 டிசம்பர் 16

மூன்றாவது பகுதி, மூட்டை. ரன்னில் எம்எஸ்கான்ஃபிக் அடித்து ஸ்டார்ட்டப் பக்கத்தைப் பார்த்தாராம் அண்ணன். இரண்டு ஆன்டிவைரஸ், இப்போது இல்லாத ஒரு பிரிண்டரின் உதவியாளர், எப்போதோ போட்ட டேட்டா கார்டின் புரோகிராம், வீடியோ கால் ஆப், அப்புறம் தமிழ் டைப்பிங் மென்பொருளே இரண்டு. என்ஹெச்எம் ரைட்டர் இருக்கட்டும், அது சின்னது. இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றை முழுசாக நீக்கியே ஆக வேண்டும். ஒன்று தொட்ட ஃபைலை மற்றது சோதிக்கும், அதை முதலாவது மறுபடி சோதிக்கும்.

சர்வீசஸ் பக்கத்தில் கை வைக்காதீர்கள். என்னவென்று தெரியாததை நிறுத்தி, பிரிண்ட் வரவில்லை என்று மறுபடி இங்கேயே வருவீர்கள்.

கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணும் கடைக்காரர் ஒருவரும் கேட்டிருந்தார். உங்கள் கதை வேறு. ஆயிரக்கணக்கில் தமிழ் ஃபான்ட் ஏற்றி வைத்திருப்பீர்கள், பாமினி குடும்பமே மொத்தமாக இருக்கும். வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள். நான் பார்த்த டிடிபி மெஷின்களில் இதற்குப் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

2024 டிசம்பர் 22

கோயம்புத்தூர் போன உறவுக்காரர் வழியாக 240 ஜிபி எஸ்எஸ்டி வந்துவிட்டது. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணலாமா என்கிறார். வேண்டாம். படிக்க முடியாத செக்டர் இருக்கும் டிஸ்க்கில் குளோன் பாதியில் நிற்கும், நிற்காவிட்டாலும் ஓட்டையையும் சேர்த்துக் காப்பி பண்ணும். புதிதாகவே ஓஎஸ் போடுங்கள். ஆமாம், ஃபார்மட் வேண்டாம் என்று சொன்ன நானேதான். புது டிஸ்க்கில் போடுவது வேறு.

எந்த ஓஎஸ்? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. குரோம் 109-ஓடு கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 வரைதான், தெரிந்தே போடுங்கள். 11 இதில் ஓடாது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பார்கள், ஆனால் அதன் 24ஹெச்2 பதிப்பு கேட்கிற பிராசஸர் கட்டளைகள் கோர் 2 டுயோவுக்குத் தெரியவே தெரியாது.

ராம் பற்றி முதல் நாள் சொன்னது விண்டோஸ் 7-ஐ மனதில் வைத்து. 10 போட்டால் 2 ஜிபி திணறும், 4 ஆக்குங்கள். ஜி31 போர்டின் உச்சமும் அதுதான். 64 பிட் போடுங்கள், 32 பிட்டில் 4 ஜிபி முழுசாகத் தெரியாது, மூன்றேகால் பக்கம் நின்றுவிடும். டிடிஆர்2 என்று கேட்டு வாங்குங்கள், டிடிஆர்3 அந்தப் பள்ளத்தில் உட்காராது. சர்வீஸ் தம்பியிடமே பழையது இருக்கும், கேளுங்கள். அவர் சொன்னதில் பாதி பலித்துவிட்டதே என்று சந்தோஷப்படுவார்.

2024 டிசம்பர் 28

அண்ணன் அனுப்பிய புதுக்கணக்கு: படம் வர 14 வினாடி, டெஸ்க்டாப் 25, கணக்கு புரோகிராம் திறந்து டைப் அடிக்க இன்னொரு 20. ஒரு நிமிடத்துக்குள். வீட்டில் "முன்பு டீயாவது நிதானமாகக் குடித்தீர்களே" என்றார்களாம்.

2025 ஜூன் 19

கூடலூரிலிருந்து புதிதாக ஒருவர். அவருக்குத் தினமும் இல்லை, காற்று அடிக்கிற நாட்களுக்கு மறுநாள் மட்டும் பூட் ஆக நேரமாகிறது. கறுப்புத் திரையில் சதவீதம் ஓடுகிறது.

மரம் விழுந்து கரண்ட் போகிறது, ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் அப்படியே சாகிறது, மறுநாள் விண்டோஸ் டிஸ்க்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் வருகிறது. எந்தக் கீயையாவது அழுத்தித் தவிர்க்காதீர்கள், அது முடியட்டும். யுபிஎஸ் இருக்கிறதாம், பீப் அடித்த உடனே அணைகிறதாம். அப்படியானால் பேட்டரி தீர்ந்துவிட்டது, பெட்டியை மாற்ற வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். தென்மேற்கு முழுசாக இறங்குவதற்குள் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-இல் இன்னொன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் பண்ணினாலும் விண்டோஸின் உள்மையம் தூங்கத்தான் போகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பல நாளாக ஓடுவதாகக் காட்டும். ஏதாவது முரண்டு பிடித்தால் ஷட்டவுன் பயன்படாது, ரீஸ்டார்ட் கொடுங்கள்.

2025 ஜூன் 23

அரசு கொடுத்த பழைய மடிக்கணினி, 2 ஜிபி, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. தூக்கிப் போடலாமா என்கிறார் ஒரு தங்கை. வேண்டாம்மா. எடை குறைந்த லினக்ஸான லுபுண்டு போட்டுப் பார். மெதுவாக இருந்தால் டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம் ஓட்டினால் எந்த சர்வீஸ் எத்தனை வினாடி தின்றது என்று அதுவே பட்டியல் போடும். விண்டோஸ்காரர்கள் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று, பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் எந்த லினக்ஸாக இருந்தாலும் 2 ஜிபி மூச்சு வாங்கும். நோட்ஸ் எழுத, பிடிஎஃப் படிக்க, பழைய பாட்டு கேட்க நன்றாகவே ஓடும்.

2025 அக்டோபர் 20

கோத்தகிரி அண்ணன் மறுபடி. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதே, திரையில் பயமுறுத்துகிறது, லினக்ஸுக்கு மாறட்டுமா?

கணக்கு புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், ரசீது அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதோடு பழகிவிட்டது. மாறினால் அந்த இரண்டோடும் மல்லுக்கட்ட வேண்டும். வேண்டுமானால் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், 2026 அக்டோபர் 13 வரை வரும். உங்களுக்கு அதுகூடத் தேவையா என்று யோசிக்கிறேன். அந்த மெஷினில் நெட் வேலை என்ன இருக்கிறது?

2025 அக்டோபர் 21

மெயில் பார்ப்பது மட்டும் என்கிறார். அப்படியானால் லேன் வயரை உருவிவிடுங்கள் அண்ணே, மெயிலைப் போனில் பாருங்கள். கணக்கைக் காப்பி எடுக்க அந்த வேலைக்கென்றே ஒரு பென் டிரைவ் வையுங்கள், ஊரார் கல்யாண வீடியோ ஏற்றி இறக்குகிற அதே பென் டிரைவ் வேண்டாம்.